பகிடி விளங்காமல் போனது

என் கணவருக்குப் பகிடி விளங்காமல் போகத் தொடங்கியபோது, அதையும் ஒரு பகிடி என்றுதான் நினைத்தேன்.

எரிவாயு சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்ற காலம் அது. மாத்தளையில் எங்கள் வீட்டுக் குசினியில் விறகடுப்பு மூட்டியிருந்தேன். ஈர விறகு. புகையில் கண் திறக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் நின்றது.

“ஆகா, கரண்டும் போயிருச்சு. நமக்கு என்னா நல்ல காலம் பாருங்க!” என்றேன்.

வழக்கமாக இப்படி ஒன்றைச் சொன்னால் அவர் அதன் தலையில் இன்னொன்றை வைப்பார். ‘இருட்டில உம்மட சமையலைப் பார்க்காமல் சாப்பிடலாம், அதுவும் நல்ல காலம்தான்’ என்கிற மாதிரி ஏதாவது. அன்று அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“கரண்ட் போனது ஏன் நல்ல காலம்?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு கேட்பது அவருடைய பழைய வித்தை. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பதில் கிடைக்காத மனிதர் போல உள்ளே போய்விட்டார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தெட்டு வயதில் மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு எழுதுவினைஞராக வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பலாபத்வலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். என்னுடைய இடமாற்றக் கடிதம் அவருடைய மேசையில்தான் கிடந்தது. மூன்றாவது தடவை நான் போய் நின்றபோது, தலை நிமிராமலே சொன்னார்:

“டீச்சர், உங்கட பைல் நல்ல சுகமாய் இருக்குது. ஆழ்ந்த நித்திரை. எழுப்ப எனக்கு மனம் வரேல்லை.”

“எழுப்பிறாதீங்க ஐயா. வேணும்னா நான் ஒரு தாலாட்டுப் பாடிட்டுப் போறேன்” என்றேன்.

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கிழமை பைல் எழும்பிவிட்டது. ஒரு வருடத்துக்குள் எங்களுக்குக் கல்யாணம்.

இரண்டு பக்கத்திலும் யாருக்கும் விருப்பமில்லை. தோட்டத்துப் பெண் என்று அவர்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். ‘நம்ம பேச்சையே பழிக்கிற ஆளுங்க’ என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். தாலி கட்டி முடிந்து படம் எடுக்க நின்றபோது அவர் என் காதோரம் குனிந்து, “உமக்கு வேற ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டார். “எல்லா எடத்துலயும் தேடிப் பார்த்தேங்க. வேற கதியில்ல” என்றேன். “எனக்கும் அதே நிலைமைதான்” என்றார். அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பது கோபத்தால் அல்ல, சிரிப்பை அடக்கியதால்.

அவர் அதைப் பகிடி என்பார். நான் நக்கல் என்பேன். இரண்டு பேரும் அதைப் படித்த இடங்கள் வேறு. என் அம்மா கொழுந்து பறித்தவள். நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை, ஈரத்துக்கு என்று சொல்லித் தினமும் இரண்டு கிலோவைக் கழிப்பார். எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் வேலை இல்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு, “இன்னும் ரெண்டு கிலோ கழிச்சுக்கங்க ஐயா. எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு ஒடம்புல சத்து கூடிப் போச்சு” என்பாள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்துவார்கள். கணக்கப்பிள்ளைக்கு முகம் சிவக்கும். ஆனால் என்ன குற்றம் சாட்டுவார்? ஒவ்வொரு சொல்லும் மரியாதையான சொல். நக்கல் எங்கே பிறக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தத் தராசுக்கு முன்னால் என்றுதான் சொல்வேன்.

என் கணவருடைய தகப்பனாரோ, யுத்தத்தில் செல் குண்டு விழுந்து கூரை பறந்த தன் வீட்டுக்குத் திரும்பி வந்து, நடு மண்டபத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, “இப்பதான் வீட்டுக்கு நல்ல காத்தோட்டம்” என்றாராம். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாராம். ஒன்றும் செய்ய முடியாத இடத்தில்தான் மனிதனுக்கு வாய் இப்படிக் கோணுகிறது.

வகுப்பில் வஞ்சப் புகழ்ச்சி அணி வரும்போது பிள்ளைகளிடம் நான் கேட்பேன். ‘நல்லா இருக்கு’ என்றால் நன்றாக இருக்கிறது. ‘நல்லாத்தான் இருக்கு’ என்றால்? ‘நல்லா இருக்கு உங்க நியாயம்’ என்றால்? அதே ‘நல்லா’ தானே, அர்த்தத்தைத் தலைகீழாக்கியது யார்? பிள்ளைகள் “குரல், டீச்சர்” என்பார்கள். கேட்கிற ஆளும்தான் என்று நான் சேர்த்துச் சொல்வேன். பொய் சொல்கிறவன் பிடிபடாமல் இருக்கப் பார்க்கிறான். நக்கல் சொல்கிறவன் பிடிபட்டால்தான் பிழைப்பான். எதிரே இருப்பவர் பிடிக்கவில்லையென்றால் அவன் சொன்னது வெறும் பொய்யாகவோ வெறும் திட்டாகவோ தரையில் விழுந்து கிடக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். என் வீட்டிலேயே அது விழுந்து கிடக்கப்போகிறது என்று தெரியாது.

சந்தேகம் முதலில் வந்தது எனக்கல்ல, கடைத்தெருவில் மசாலாச் சரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளிக்கு. பரம்பரையாக மாத்தளை முஸ்லிம்கள். ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் தினமும் காலையில் அந்தக் கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார். இவர் படியேறும்போதே அவர், “வாங்க சேர், ஒங்கட பேருக்கு எழுதி வெச்ச கடைதானே, ஒக்காருங்க” என்பார். இவர், “உறுதிப் பத்திரத்தைக் கொண்டாரும், பிழை திருத்தித் தாறன்” என்பார். இது எத்தனையோ வருடப் பேச்சு.

ஒரு நாள் அந்த முதலாளி எனக்கு போன் எடுத்தார். “டீச்சர், கொஞ்சம் வந்துட்டுப் போக ஏலுமா?” என்றார். குரலில் வழக்கமான குதூகலம் இல்லை.

நான் போனபோது என் கணவர் கல்லாவுக்குப் பின்னால், முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்கள் வெளியே நின்றார்கள். வேலையாட்கள் மிளகுச் சாக்கோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். முதலாளி தன் கடையிலேயே ஓரமாக, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க இது, எந்திரிங்க” என்றேன்.

“ஏன் எழும்ப வேணும்? இவர் கடையை என்ட பேருக்கு எழுதியிட்டார். தினமும் சொல்லுறவர். நீர் கேளும்” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“நானும் மொதல்ல சிரிச்சிட்டுத்தான் நின்டேன், டீச்சர்” என்றார் முதலாளி மெதுவாக. “அர மணித்தியாலமா இப்படித்தான் சொல்றார்.”

கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம், “அந்த மனுசன் பொய் சொல்லுற ஆளெண்டு நான் நினைக்கேல்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கண்டியில் ஒரு மூளை நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். தமிழ் பேசுகிற இளம் பெண். படங்கள் காட்டினார், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். என் கணவர் எல்லாம் சரியாகச் செய்தார். தான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கந்தோரில் இருந்த அத்தனை பேருடைய பெயரையும் வரிசையாகச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு மருத்துவர் கேட்டார்:

“ஐயா, மழை கொட்டுது. ஒருத்தர் பஸ்ஸுக்கு நின்று தெப்பமா நனையிறார். பக்கத்துல நிக்கிறவரிடம், ‘இன்னைக்கு நல்ல வெயில்’ என்று சொல்றார். ஏன் அப்படிச் சொல்றார்?”

அவர் நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தார். “அவருக்குப் பார்வையில ஏதோ பிழை இருக்க வேணும். கண் டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோ” என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார், மருத்துவருக்கே ஒன்று கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். என் கணவர் என் பக்கம் திரும்பி, “ஏன் சிரிக்கிறீர்? பாவம் அந்த மனுசன்” என்றார்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மருத்துவர் என்னிடம் சொன்னார்: “இது சாதாரண மறதி நோய் இல்லம்மா. நெற்றிக்குப் பின்னால இருக்கிற பகுதி சுருங்கி வருது. ஞாபகம் இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கும். சொல் விளங்கும். சொல்றவங்க மனசுல என்ன இருக்குன்னுதான் விளங்காது.”

“மருந்து?”

“படபடப்பைக் குறைக்கலாம். போனதைத் திருப்ப முடியாது.”

திரும்பி வரும்போது, ஞாபகமாவது இருக்கிறதே என்று கும்பிட்டுக்கொண்டேன். அதற்காக நன்றி சொன்ன என் முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம். வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடப் பழக்கம் தெரிந்தும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் அவர் வாசலில் பூச்சாடிகளுக்குக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. நான் குசினியிலிருந்து, “நல்லா ஊத்துங்க. வீட்டுக்குள்ளயும் ஊத்துங்க, நாத்து நடலாம்” என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் மண்டபம் முழுக்கக் குளம். அரிசி மூட்டை நனைந்து கிடக்கிறது. அவர் கவனமாக, மூலை மூலையாக, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குப் பல நாட்களாகச் சரியான உறக்கம் இல்லை. என்னை மறந்துவிட்டேன்.

“ரொம்ப சந்தோசம்! இன்னும் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ரோட்டுல தம்புள்ளைக்கு லொறி போகுதுல்ல, அதுல ஏறிப் போயிருங்க. நீங்க இல்லாட்டி நான் ராணி மாதிரி இருப்பேன்!”

அவர் குழாயை மூடினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். நான் தரையைத் துடைக்கக் குனிந்துவிட்டேன். கோபத்தில் முற்றத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். துடைத்து முடித்து நிமிர்ந்தபோது அவர் இல்லை.

தெருவில் தேடினேன், கோயிலில் தேடினேன், பஸ் நிலையத்தில் தேடினேன். கடைசியில் அந்த முதலாளியிடம் ஓடினேன். நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை அழுதுகொண்டே சொன்னேன். அவர் உடனே தெரிந்த லொறிக்காரர்களுக்கெல்லாம் போன் எடுத்தார். ஒருவர், மரக்கறி ஏற்றப் போகும் லொறிக்கு ஒரு ஐயா கை காட்டி ஏறியதாகவும், தம்புள்ளைப் பொருளாதார மையச் சந்தையில் இறங்கியதாகவும் சொன்னார். முதலாளி கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுத் தன் வேனில் என்னை ஏற்றிக்கொண்டார். நாலந்தை தாண்டினோம். பிறகு அவர், “நானும் அந்தக் கடக் கதய நிப்பாட்டியிருக்கோணும், டீச்சர்” என்றார்.

தம்புள்ளையில் நடுப்பகல். லொறிகளின் ஹோர்ன் சத்தமும், சுமை தூக்குகிறவர்கள் வழிவிடச் சொல்லிச் சிங்களத்தில் போடும் கூச்சலும். முட்டைக்கோவா இலை மிதிபட்டு வழுக்கிற தரை. பூசணிக்காய் மூட்டைகள் அடுக்கிய ஓரிடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். யாரோ பிளேன்டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும், “வந்திட்டீரோ?” என்றார். பிறகு கேட்டார்: “நான் வெளிக்கிட்ட பிறகு ராணி மாதிரி இருந்தனீரோ?”

அவர் முகத்தைப் பார்த்தேன். குத்தல் இருக்காதா என்று தேடினேன். ஒரு துளி இருந்திருந்தாலும் அந்தச் சேற்றில் விழுந்து கும்பிட்டிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இல்லங்க” என்றேன்.

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“சும்மா சொன்னேங்க.”

“சும்மா எண்டால்?”

இத்தனை வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு ‘சும்மா’ என்றால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

வேனில் திரும்பி வரும்போது, நாவுல கடந்த பிறகு, அவர் தொடங்கினார். “கலியாணத்தண்டு, படம் எடுக்கேக்கை, வேற கதியில்லாமல்தான் என்னைக் கட்டினதெண்டு சொன்னனீர்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“பிள்ளை பிறந்தண்டு நான் ஆசுப்பத்திரிக்குப் பிந்தி வந்தனான். ‘ஏன் வந்தீங்க, பிள்ளை பள்ளிக்கூடம் போற அன்னைக்கு வந்திருக்கலாமே’ எண்டு சொன்னனீர். என்ட அப்பர் செத்த வருசம் நான் சமைச்ச சோத்தைப் பாத்து, ‘இத நாய்க்குப் போட்டா அது வழக்குப் போடும்’ எண்டனீர்.” வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மறந்துவிட்டவை எல்லாம், சொல் பிசகாமல். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரம் நாங்கள் எப்படிச் சிரித்தோம் என்பது எனக்கு நினைவிருந்தது. அவருக்குச் சொற்கள் மட்டும்தான் நினைவிருந்தன. முதலாளி முன்னால் பார்த்தபடியே வேனை ஓட்டினார்.

“அதெல்லாம் நக்கலுங்க. நீங்களுந்தானே சொன்னீங்க, உங்களுக்கும் வேற கதியில்லன்னு!” என்றேன்.

“ஓம், சொன்னனான்” என்றார். “அதுவும் உண்மையாய்த்தான் இருக்க வேணும். இல்லாட்டில் ஏன் சொல்லப்போறன்?”

அதற்குப் பிறகு நான் நேராக மட்டுமே பேசினேன். சாப்பாடு ரெடி. குளிக்க வாங்க. தலை வலிக்கிறதா? படிவம் நிரப்புவது போன்ற பேச்சு. ஒரு நாள் துணிந்து, பக்கத்தில் உட்கார்ந்து, “உங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாத வாக்கியம். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல வந்தது. அவர் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “நன்றி” என்றார். பிறகு, “முந்தி ஏன் பிடிக்கேல்லை?” என்று கேட்டார்.

திரும்பத் திரும்ப விளக்கினேன். அவர் தலையாட்டுவார். மறுநாள் காலையில் என்னுடைய இன்னொரு பழைய வாக்கியத்தோடு வருவார்.

மகள் கொழும்பிலிருந்து வந்தாள். சின்ன வயதில் எங்கள் பேச்சைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். ‘நீங்க ரெண்டு பேரும் மனுசங்க மாதிரி நேரா பேசவே மாட்டீங்களா?’ என்பாள். இந்தத் தடவை ஒரு கிழமை இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். போகிற அன்று குசினியில் வைத்துச் சொன்னாள்:

“அம்மா, ஒரு நாளாவது, ஒரே ஒரு தடவையாவது நேரா சொல்லியிருந்தீங்கன்னா, அப்பாவுக்கு அதாவது ஞாபகம் இருந்திருக்குமே.”

குற்றம் சாட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? எங்களுக்குள் அது தேவைப்படவில்லை என்றா? அந்த ‘வேற கதியில்ல’ என்பதற்குள் எல்லாம் இருந்தது என்றா? இருந்தது. அதைத் திறந்து பார்க்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அந்த முதலாளி இப்போதும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து போகிறார். “சேர், சொகமா?” என்று கேட்பார். “சுகம்” என்பார் இவர். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். படியிறங்கும்போது முதலாளி கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

இந்த வருடம் அவர் என்னை ‘நீர்’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவருடைய ஊரில் அது மனைவிக்கும் நெருங்கியவர்களுக்கும் வைத்திருக்கிற சொல். இப்போது ‘நீங்கள்’ என்கிறார். கந்தோருக்கு வருகிறவர்களிடம் பேசுவது போல, கவனமாக, பிழை வராமல். நான் தேத்தண்ணீர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்குகிறார்.

அவரைக் குளிப்பாட்ட ஒரு பெண் காலையில் வந்து போகிறாள். போன மாதம் ஒரு நாள், நான் குசினியில் இருப்பது தெரியாமல், அவர் அவளிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

“இந்த வீட்டு அம்மாவுக்கு என்னைக் கண்ணில காட்டக் கூடாது. கனகாலமாய் அப்பிடித்தான். ஆனால் நல்ல மனுசி. நேரத்துக்குச் சாப்பாடு தருவா.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஐயா” என்றாள் அவள்.

“இல்லைப் பிள்ளை. அவவே சொன்னவ” என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். சோற்றை வடித்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி பருப்பை நன்றாக மசித்து, தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.